ஐம்பது நிமிடம்

துரைராஜ் செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு மேலே வந்திருந்தார். தி.நகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்த அந்த ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர்களுக்காக ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து பிடித்தபடி, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றவரைச் சாருலதாதான் எழுந்துபோய் அழைத்து வந்தாள். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். வியர்வையில் மடிப்புகள் நைந்திருந்தன. அவர்களுடைய இணையதளத்திலிருந்து ஏதோ ஒரு பிரௌசிங் சென்டரில் அச்செடுத்த தாள். பிளஸ் டூ தேர்வு முடிவு. மேலே ஓர் எண், கீழே ஆறு பாடங்கள், கடைசி வரியில் ஃபெயில்.

"எம் பொண்ணுது மேடம். ஸ்கூல்ல கேட்டா பாஸுன்றாங்க. போர்டுலயும் பாஸுன்னுதான் ஒட்டிகீது. இதுல மட்டும் இப்டி கீது. இது இன்னாது?"

சாருலதா எண்ணைப் பார்த்தாள். முதல் நான்கு இலக்கங்களைப் படிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுடைய விசிட்டிங் கார்டில் 'வெப்மாஸ்டர்' என்று போட்டிருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, தொண்ணூற்றேழில்தான் இந்த வேலைக்கு வந்திருந்தாள். மயிலாப்பூரில் அம்மா விஜயலக்ஷ்மிக்கு இது என்ன வேலை என்று இன்னும் புரியவில்லை. "ஆத்துக்கு வரவாகிட்ட நான் என்னன்னு சொல்றது? பேப்பர்லயான்னா இல்லைங்கற, டி.வி.யிலயான்னா அதுவும் இல்லைங்கற" என்பாள். போர்டில் தப்பாக எழுதினால் அழித்த பிறகும் சாக்பீஸ் தடம் இருக்கும், வினாத்தாளில் ஒரு தப்பு வந்துவிட்டால் நாற்பது பெண்களிடம் சொல்லித் திருத்தவேண்டும், இதில் அப்படி எதுவும் கிடையாது என்று சாருலதா அவளுக்கு விளக்குவாள். மாற்றி மறுபடி ஏற்றினால் போதும். தப்பு இருந்ததே ஒருவருக்கும் தெரியாது. இந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது அதுதான்.

மூன்று நாளைக்கு முன்னால் முடிவுகள் வந்த காலையில், எண்கள் இருந்த ஃபைலையும் மதிப்பெண்கள் இருந்த ஃபைலையும் அவள்தான் ஒன்றாகச் சேர்த்தாள். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கத்து மையம் ஒன்றில் மதிப்பெண்களின் நடுவே ஒரு வெற்று வரி நின்றுவிட்டதைக் கவனிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் அவரவருக்கு முந்தின எண்ணின் மதிப்பெண் போய்ச் சேர்ந்தது. ஒன்பதே முக்காலுக்குத் தளம் திறந்தது. பத்தரைக்குச் சற்று முன்னால் யாரோ ஒரு தகப்பனார் போன் செய்து, பள்ளியில் வேறு மார்க் ஒட்டியிருக்கிறது என்றார். பத்து முப்பத்தைந்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது. ஐம்பது நிமிடம். முதலாளி சாய்நாத் அவளைவிட இரண்டு வயது சின்னவன். "விடுங்க மேடம், கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டோம்ல. யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றான். அந்த ஐம்பது நிமிடத்தில் அந்த எண்களைத் தட்டிப் பார்த்தவர்கள் பதினோரு பேர் என்று கம்ப்யூட்டர் பதிவு செய்திருந்தது. பதினோரு பேரும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பார்த்திருப்பார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"தெரியல மேடம். அன்னிக்கிப் போனவதான். இந்தத் தாள எடுத்துக்கினு வூட்டுக்கு வந்துகிறா. நான் மீன்பாடி வண்டில லோடு ஏத்திக்கினு போயிட்டேன். அவங்கம்மா பைண்டிங் கடைக்குப் போயிட்டா. தலகாணி அடியில இத்த வெச்சிட்டுக் கெளம்பிகிறா. பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல பார்த்ததா பூ விக்கிற அம்மா சொல்லுது. அவ்ளோதான். போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துகிறோம்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சாய்நாத் எழுந்து வந்தான். நிலைமை அவனுக்குப் புரிந்துவிட்டது. "சார், இது மெஷின்ல வர்ற ஒரு கோளாறு..." என்று ஆரம்பித்தான்.

"மெஷின் இல்ல" என்றாள் சாருலதா, எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே. "நான்தான் தப்பாப் போட்டேன். உங்க பொண்ணு பாஸ். ஆயிரத்து இருநூறுக்குத் தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணு."

அவர் கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தாள். ஓங்கினால் நகரக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள். துரைராஜ் அந்த எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"கணக்குல எவ்ளோ மேடம்?"

"நூத்தி எண்பத்தேழு."

"கணக்குக்குதான் பயந்துக்கினு இருந்திச்சி." அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "ஃபெயிலானா எங்க அக்கா புள்ளைக்குக் கட்டிக் குடுத்துருவேன்னு வருசம் பூரா சொல்லிக்கினே இருந்தேன் மேடம். சும்மா. படிக்கட்டும்னுதான் சொன்னேன்."

சாய்நாத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவர் குடிக்கவில்லை.

அன்று மாலைக்குள் சாருலதா தளத்தின் முதல் பக்கத்தை மாற்றினாள். பெண்ணின் பெயர் தமிழ்மொழி. ஹால் டிக்கெட்டுக்காக எடுத்த படத்தைத் துரைராஜிடமிருந்து வாங்கி ஸ்கேன் செய்து பெரிதாக்கினாள். இரட்டைப் பின்னல், ஒரு பக்கம் லேசாகத் தூக்கிய புருவம். எந்த ஊர் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து உடையாமல் தெரியவேண்டும் என்பதற்காக வாசகத்தையும் படமாகவே செய்து போட்டாள். 'தமிழ்மொழி, நீ பாஸ். 981 மார்க். தப்பு எங்களுடையது. அப்பா கல்யாணம் பேசமாட்டார். வீட்டுக்கு வா.' 'தப்பு எங்களுடையது' என்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னான் சாய்நாத். அவள் எடுக்கவில்லை. அவனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

டொரான்டோவிலிருந்து மெயில் வந்தது, துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. பிரார்த்தனை செய்வதாக எழுதினார்கள். சிலர் அவளைத் திட்டி எழுதினார்கள். அவற்றை அவள் இரண்டு தடவை படித்தாள். வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பதினோரு பேரில் ஒருத்தியைத் தெரிந்துவிட்டது, மீதிப் பத்து பேர் என்ன ஆனார்கள் என்ற நினைப்பு எந்த நேரத்தில் வரும் என்று சொல்லமுடியவில்லை.

"போறும்டி" என்றாள் அம்மா. "உன் சுபாவத்துக்கு இந்த வேலை ஒத்துக்கல. ஜூன்ல எடம் காலியா இருக்குன்னு ஸ்கூல் கரெஸ்பாண்டென்ட் சொல்லியனுப்பிச்சிருக்கார். பழையபடி கணக்கு சொல்லிக் குடுத்துண்டு நிம்மதியா இரேன்."

அம்மா சொன்னது சரியென்றுதான் அவளுக்கும் பட்டது. ராஜினாமா கடிதத்தை எழுதி சாய்நாத்திடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தான்.

"போகாதீங்கன்னு சொல்லமாட்டேன் மேடம். ஆனா ஒண்ணு. உங்க இடத்துக்கு வர்றவன் எல்லாத்தையும் புதுசாப் பண்ணுவான். விளம்பரம் குடுக்கறவங்க இப்பவே கேக்கறாங்க, முதல் பக்கத்துல எத்தன நாளைக்கு அந்தப் படம்னு. நீங்க இருக்கறவரைக்கும் நான் அதைத் தொடமாட்டேன். அப்புறம் என்னால சொல்லமுடியாது."

அவன் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னான். கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். இந்த வேலை தனக்கு ஏற்றதுதானா என்பதை அதன்பிறகு அவள் யோசிக்கவில்லை. ஏற்றதோ இல்லையோ, அங்கே இருக்கவேண்டியிருந்தது.

பைண்டிங் கடையில் சனிக்கிழமை அரைநாள். தமிழ்மொழியின் அம்மா ரத்னா நோட்டு தைத்த விரல்களில் பசையோடு அப்படியே வருவாள். முதல் தடவை வந்தபோது சாருலதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரத்னா உட்காரவில்லை.

"உன்னப் பார்க்க வர்ல. அவளப் பார்க்க வந்தேன்."

போன் லைன் வழியாகப் படம் மெதுவாகத்தான் இறங்கும். முதலில் வகிடு, பிறகு நெற்றி, பிறகு கண்கள். மோவாய் வரை வருவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ரத்னா ஒவ்வொரு வரியாக இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். முழு முகமும் வந்ததும், "உலகம் பூரா தெரியுதா?" என்று கேட்பாள். தெரியும் என்று சாருலதா சொல்வாள். வேறு பேச்சு கிடையாது. மழைக்காலம் வந்தபோது ரத்னா அந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்திருந்தாள்.

டிசம்பரில் பெங்களூரிலிருந்து ஒரு மெயில். மெஜஸ்டிக் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் இதே முகச்சாயலில் ஒரு பெண் வேலைசெய்கிறாள், கேட்டால் ஊர் பெயர் சொல்லமாட்டேன் என்கிறாள். துரைராஜ் அன்றே ரயிலேறினார். ஐந்தாம் நாள் ஆபீசுக்கு வந்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அவர் தனியாக வந்ததைப் பார்த்ததும் சாருலதா எழுந்து நின்றாள்.

"அது வேற பொண்ணு மேடம். சேலத்துப் பக்கம். அதுவும் வூட்ட வுட்டு வந்த பொண்ணுதான்." சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "பேசிப் பேசி அவங்க அப்பா நம்பர் வாங்கிக்கினு வந்துகிறேன். எனக்குச் சொல்ல வர்ல. நீங்க பேசிடுங்க."

சாருலதா பேசினாள். மறுமுனையில் அந்த மனிதர் மெஸ்ஸின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். துரைராஜ் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "வர்றாராமா?" என்றார். இன்றைக்கே கிளம்புகிறார் என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன்பிறகு அவர் அங்கே வரவில்லை. வண்டியும் ஒழுங்காக ஓட்டுவதில்லை, அக்கா வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று ரத்னா எப்போதோ சொன்னாள்.

மறு வருஷம் மே மாதம் முடிவுகள் வந்தன. சாருலதா ஒவ்வொரு மையமாக எடுத்து, அச்சடித்த பட்டியலில் விரலை வைத்து, திரையோடு ஒப்பிட்டாள். மற்ற தளங்கள் எல்லாம் திறந்து ஒரு மணி நேரமாகியும் அவள் திறக்கவில்லை. சாய்நாத் இரண்டு தடவை வந்து அவள் பின்னால் நின்றுவிட்டுப் போனான். கிழமை சனி இல்லை. ஆனாலும் ரத்னா காலையிலேயே வந்திருந்தாள். "இன்னிக்கி வூட்ல இருக்க முடியல" என்றாள்.

பதினொரு மணிக்குத் தளம் திறந்தது. கம்ப்யூட்டர் வசதி இல்லாதவர்களுக்காக விளம்பரத்தில் கொடுத்திருந்த இரண்டு போன்களும் மாறி மாறி அடித்தன. எண்ணைக் கேட்டு, தட்டி, மார்க்கைச் சொல்லி வைப்பதற்குள் அடுத்தது. சாருலதா ஒன்றில் பேசிக்கொண்டிருந்தபோது மற்றது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. ரத்னா அதை எடுத்தாள்.

"சொல்லும்மா. மெதுவா சொல்லு." பென்சிலால் ஒவ்வொரு இலக்கமாக எழுதிச் சாருலதாவிடம் காட்டினாள். சாருலதா தன் கையிலிருந்ததை முடித்துவிட்டு அந்த எண்ணைத் தட்டினாள். இயற்பியலில் அறுபத்திரண்டு. பாஸுக்கு எழுபது வேண்டும். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இன்னொரு தபா பாரு."

தாள் பட்டியலை இழுத்து, எண்ணின் மேல் விரலை வைத்துக் கிடைமட்டமாகக் கொண்டுபோனாள். அறுபத்திரண்டு. முந்தின வரியையும் பார்த்தாள், அடுத்த வரியையும் பார்த்தாள். தப்பு எதுவும் இல்லை. ரத்னாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

ரத்னா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, ஒரு பாடம் போயிடுச்சி. ஒண்ணே ஒண்ணுதான். வெச்சிடாத. லைன்லயே இரு. வூட்ல யாரு கீறாங்க? யாரும் இல்லியா? சரி, எங்கியும் போவாத. எங்கூடப் பேசு. உம் பேரு இன்னா?"

சாருலதாவின் மேஜையில் அடுத்த போன் அடிக்கத் தொடங்கியது. அவள் எடுக்கவில்லை. ரத்னா மேஜை ஓரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். சுருள் வயர் இழுபட்டு, அவள் தலைக்கு மேல் விறைப்பாக நின்று ஆடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரலுக்கு உம் கொட்டிக்கொண்டே இருந்தாள்.