எட்டாம் வெர்ஷனுக்கு ஏழு பொருத்தம்

என் அப்பா சின்னராசு கள்ளக்குறிச்சியில் 'மணமாலை' என்கிற திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில். அதன் இணையதளத்தைக் கவனிப்பது நானும் ஜோஸ்வாவும். ஜாதகம் இல்லாமல் ஒரு வரனைக்கூடச் சேர்த்ததில்லை என்பது அப்பாவின் பெருமை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். ஜோஸ்வா வேதக்காரப் பையன்; ஞானஸ்நானச் சான்றிதழ் வைத்திருக்கிறான், ஜாதகம் கிடையாது. கட்டிக்கொள்வதென்று நாங்கள் இரண்டு பேரும் எப்போதோ முடிவு செய்துவிட்டோம். அப்பாவிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் அம்மா எஸ்தர் அவனுக்கு சங்கராபுரத்தில் பெண் பார்க்கப் போகிறார். இன்று வெள்ளி.

இந்த லட்சணத்தில்தான் வேகா தொல்லை வந்து சேர்ந்தது. வேகா என்பது நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கேச் சேவை; மெஷின் இருப்பது மும்பையில். யார் தளத்துக்குள் வந்திருக்கிறார்கள், எந்த வரனைப் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் மெமரியிலேயே வைத்துக்கொண்டு, கேட்டதும் சட்டென்று எடுத்துக் கொடுக்கும். பராமரிப்பு முழுக்க அவர்கள் பாடு. எந்த வெர்ஷன் வேண்டும் என்று சொல்வது மட்டும் நம் பாடு. எங்களிடம் இருந்த ஆறாம் வெர்ஷன் இன்று மாலையோடு நிற்கிறது. மிச்சம் இருந்தவை இரண்டுதான்: 7.5, இல்லாவிட்டால் 8.

"ஏழரையா?" என்றார் அப்பா. "ஏழரைய வூட்டுக்குள்ள கூப்ட்டு, அதுக்கு வாடகை வேற குடுக்கணுமா?"

"அப்ப எட்டு போட்டுக்கலாம்ங்க," என்றான் ஜோஸ்வா. "அதான் புதுசு. மெமரியும் கம்மியா எடுத்துக்கும்."

"எட்டு அஷ்டமம். ஜாதகம் பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்."

நாம் சொல்லாவிட்டால் அவர்களே ஏழரையைப் போட்டுவிடுவார்கள் என்றேன். அப்பா பதறிப்போய் ஜோசியர் தெய்வசிகாமணிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஜோசியர் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளிமலை பஸ்ஸில் மலை ஏறிக்கொண்டிருந்தார். வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்தது. அப்பா சொன்னதில் வெர்ஷன், சேவை எல்லாம் பள்ளத்தில் விழுந்து, 'பொருத்தம்' மட்டும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. யாரோ மாப்பிள்ளை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"பையன் இன்னா வேல பாக்கறாரு?"

"ஞாபகம் வெச்சிக்கற வேல," என்றார் அப்பா. "மும்பைல."

"கெட்ட பழக்கம் எதனா?"

அப்பா ஜோஸ்வாவைப் பார்த்தார்.

"எதையும் எழுதி வெச்சிக்க மாட்டாருங்க," என்றான் ஜோஸ்வா பணிவாக. "எல்லாம் மனசுலயே. ஒரு தபா நிறுத்தி ஆரம்பிச்சா அத்தினியும் மறந்துடுவாரு."

"கட்டின பொண்டாட்டியக்கூடவா?"

"ஆமாங்க. ஆனா பின்னாடி பெரிய டேட்டாபேஸ் ஒண்ணு இருக்குது. எதுன்னாலும் அதக் கேட்டுக்குவாரு."

"அவுங்க அம்மாவா?"

"அப்படித்தான் வெச்சிக்குங்களேன்."

"எல்லா வூட்லயும் நடக்கறதுதான்," என்றார் ஜோசியர். "பொறந்த நேரம் சொல்லுங்க."

எட்டு வெளியான தேதி கிடைத்தது. நேரம் எங்கு தேடியும் இல்லை. அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"நேரம் இல்லன்னா இன்னா?" என்றார் ஜோசியர். "பேரு ராசி பாத்துக்கலாம். ஒரு பக்கம் ஜாதகம் இல்லன்னா ரெண்டு பக்கமும் பேருலயேதான் பாக்கணும். பையன் பேரு?"

"வேகா."

"வே… மிருகசீரிஷம். பொண்ணு?"

"மணமாலை."

"ம-ன்னா மகம்." பஸ் ஏதோ வளைவில் மறைந்தது. சிக்னல் திரும்பி வந்தபோது பத்துக்கு ஏழு தேறியிருந்தது. "தாராளமா முடிங்க. லைன்லயே இருக்கறேன்."

ஜோஸ்வா எட்டை அழுத்தினான். தளம் கொஞ்ச நேரம் செத்துக் கிடந்துவிட்டுப் பிறகு எழுந்து ஓட ஆரம்பித்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஜாதகம் இல்லாததுக்கும் ஒரு வழி இருக்குது," என்று அவன் முதுகில் தட்டினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மும்பையில் கிடக்கும் ஏதோ ஒரு மெஷினுக்கு வழி இருக்கிறது, எதிரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இல்லையா? அப்பா ஃபோனை வைப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"ஜோ-ல பேரு ஆரம்பிச்சா இன்னா நட்சத்திரம்ங்க?"

"திருவோணம். யாரு அது?"

"ஜோஸ்வாங்க. ஞாயித்துக்கெழம அவருக்கு வேற எடத்துல பொண்ணு பாக்கப் போறாங்க. எனக்கு அவரத்தான் கட்டிக்கணும்."

ஜோசியருக்குச் சொன்ன பதில்தான், ஆனால் நான் அப்பாவைப் பார்த்தே சொன்னேன். தட்டிய கை ஜோஸ்வாவின் முதுகிலேயே நின்றுவிட்டது. ஜோஸ்வா கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொண்ணு பேரு இன்னாங்க?" என்றார் ஜோசியர்.

ஸ்பீக்கரில் பஸ் இரைந்துகொண்டிருந்தது.

"ம-ல ஆரம்பிக்குது," என்றார் அப்பா கடைசியில்.

"மறுபடியும் ம-வா? அந்தப் பொண்ணுக்குத்தான இப்ப மும்பை மாப்பிள்ளைய முடிச்சோம்?"

"அது கடைங்க." அப்பா ஃபோனை வாயருகே கொண்டுபோனார். "இது எம்பொண்ணு. பொருந்தற மாதிரி பாத்து சொல்லுங்க."