முதல் கூடை விழும்வரை

இண்டியானாவின் தென்பகுதியில் உள்ள ஆஷ்பி ஃபோர்க் ஊரில், வைகாஃப் கல்லூரியின் கூடைப்பந்து அணி ஒரு கூடையும் போடாத காரணத்தால், ஏறக்குறைய எழுநூறு பேர் மூன்று குளிர்காலங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு கோடைக்காலங்களும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தனர். ஆட்டம் தொடங்கும்போது எழுந்து நிற்பதும், தங்கள் அணி முதல் கூடையைப் போட்ட பிறகே உட்காருவதும் அக்கல்லூரி ரசிகர்களின் வழக்கம். சாதாரண ஆண்டுகளில் அது ஒரு நிமிடத்து வேலை. பாப்கார்ன் பொட்டலம் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்த நவம்பரில் முடியவில்லை. மரங்கொத்திகள் என்று அழைக்கப்பட்ட அந்த அணியினர் எறிந்த பந்து வளையத்தின் விளிம்புவரை சென்றது. உள்ளே எட்டிப் பார்த்தது. பிறகு வேறு ஏதோ வேலை நினைவுக்கு வந்ததைப் போலத் திரும்பிவிட்டது. எதிரணியின் பந்துகளுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. எண்பத்தொன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. மக்கள் நின்றபடியே கோட்டு அணிந்து வெளியே வந்து, கார் கதவைத் திறந்தபோதுதான், ஒருவருக்கும் முழங்கால் மடங்கவில்லை என்பது தெரிந்தது.

முதல் வாரம் மருத்துவர்களை அழைத்தனர். இரண்டாம் வாரம் தச்சர்களை அழைத்தனர். மேசைகளுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினார்கள். தேவாலயத்தில் பின்வரிசை இருக்கைகளைக் கழற்றினார்கள். இரவில் சுவரில் தலையணையைக் கட்டி, அதில் சாய்ந்து, குதிரைகள் தூங்குவதைப் போலத் தூங்கினார்கள். அந்தரங்கமான மற்ற ஏற்பாடுகளை ஒவ்வொரு வீடும் தன் வழியில் செய்துகொண்டது. அவற்றை இங்கே விரித்துரைப்பது பண்பாகாது. பள்ளிப் பேருந்தின் ஓட்டுநரான வெர்லா ப்ரூக்ஷயர் அம்மையாருக்காக இருக்கையை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை உயர்த்தி, தலை இடிக்காமலிருக்கக் கூரையில் ஒரு குமிழ் மாடமும் வைத்துக் கொடுத்தார்கள். அவர் கப்பல் தலைவரைப் போல நின்று ஓட்டினார். பிள்ளைகள் பழைய முறையைவிட இதுவே மேல் என்று கருதினர்.

வெர்லா அம்மையாரைப் பற்றிச் சற்று சொல்லியாக வேண்டும். விதைக்கடை டெல்மர் குங்கெல் அவர்களுடன் அவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் மண வாழ்க்கை. பிறகு மணமுறிவு ஏற்பட்டது. வீடு வெர்லாவுக்கு, கடை டெல்மருக்கு, நாய் மகளுக்கு என்று எல்லாம் கண்ணியமாகப் பிரிந்தன. ஆனால் அரங்கின் எஃப் வரிசையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு இருக்கைகளை விட்டுக்கொடுக்க இருவருமே மறுத்துவிட்டனர். ஆகவே அடுத்த பத்தொன்பது ஆண்டுகளும் அவர்கள் ஊரில் எங்கே எதிர்ப்பட்டாலும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டு போவார்கள். அரங்கில் மட்டும் தோளோடு தோள் நின்றும் அமர்ந்தும் பேசுவார்கள். அங்கும் கூடைப்பந்தைத் தவிர வேறு பேச்சு இராது. மகளின் திருமணத்தைக்கூட அவர்கள் வழக்கறிஞர்கள் வழியாகத்தான் ஏற்பாடு செய்தனர். இடம் காக்கும் தடுப்பாட்டமா, ஆளுக்கு ஆள் தடுப்பாட்டமா என்ற விவாதத்தில் மட்டும் இருவரும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்துவைப்பார்கள். வெர்லா அம்மையார் குளிர்காலத்தை எதிர்பார்த்து வாழ்ந்தார் என்றால் அது மிகையன்று. ஆனால் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

கூடை விழாத அந்த முதல் ஆட்டத்தில் டெல்மரின் இருக்கை காலியாக இருந்தது. அதற்கு முந்தைய மார்ச் மாதத்தில், தொடர் தோல்விகளால் மனம் நொந்து, ரோஸலின் நடத்தும் உணவகத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவர் ஒரு சபதம் செய்திருந்தார். "இந்த டீம் செத்துப்போச்சு. செத்தவனைப் பிடிச்சு வருஷா வருஷம் ஓட விடுறீங்களே, பாவமா இல்ல? மூடுங்கப்பா. நான் இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்." வெர்லா அப்போது பக்கத்து மேசையில் ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அரங்கத்துக்கு வெளியே பேசுவதில்லை என்ற ஒழுங்கை மீறாமல், கரண்டியை மட்டும் சற்று சத்தமாகத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

எல்லோரும் நிற்கத் தொடங்கிய பிறகு, ரோஸலின் கடையின் விவாதங்கள் முன்னைவிடச் சூடாயின. நின்றுகொண்டு பேசுகிறவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் மனம் குறைவு போலும். நாற்காலிகளைப் பின்கட்டில் அடுக்கிவிட்டு, ரொட்டியைவிட அகலமான பன்றி இறைச்சி சாண்ட்விச்சுகளை ரோஸலின் நெஞ்சுயர மேசையில் பரிமாறினார். பயிற்சியாளரை நீக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. இன்னும் சிறிய கல்லூரிகளோடு ஆடலாம் என்பது இன்னொரு கட்சி. உள்ளூர்ப் பையன்களை மட்டும் சேர்த்தால் பந்துக்குப் பழகிய முகமாக இருக்கும் என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் கார்னர்.

"இதைவிடச் சின்ன காலேஜ்னா, மழலையர் பள்ளிதான் பாக்கி," என்றார் ரோஸலின்.

"அவங்க கிட்டயும் தோப்போம். ஆனா கிட்டத்துல இருக்கு, பெட்ரோல் மிச்சம்," என்றார் கார்னர்.

இரண்டாம் குளிர்காலத்தின் இறுதியில் கல்லூரி நிர்வாகக் குழு, அணியைக் கலைத்துவிடலாமா என்று பொதுமக்களின் கருத்தைக் கேட்க அரங்கிலேயே ஒரு கூட்டம் கூட்டியது. குழுத் தலைவர் வாரன் டில்லிங்ஹாம் அவர்களும் மற்ற உறுப்பினர்களும் மேடையில் மடக்கு நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஊர் முழுவதும் எதிரே நின்றுகொண்டிருந்தது. மேடையையே வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கார்னர், கையை உயர்த்தினார்.

"சார், இருபது வருஷமா ஒரு ஆட்டம் விடாம பார்க்கிறேன்னு போன மாசம் பேப்பர்ல சொல்லியிருந்தீங்க."

"ஆமாம், பெருமையோட சொன்னேன்."

"ரொம்ப சௌகரியமா உட்கார்ந்திருக்கீங்களே சார், அதான் கேட்டேன்."

டில்லிங்ஹாமின் முகம் சிவந்தது. பேச்சை மாற்றுவதற்காக அவர், அணியைக் கலைக்கலாம் என்று கருதுபவர் யாரேனும் முதலில் பேசலாம் என்று பணிவுடன் அழைத்தார். டெல்மர் குங்கெல் முன்னே வந்தார். அவர் நாள் முழுவதும் விதைக்கடைக் கல்லாவின் பின்னால் நிற்பவர், தனியாக வாழ்பவர், கடைக்கு நடந்தே போய் வருபவர். அவருடைய இடது இடுப்பில் வாதம் இருப்பது ஊருக்குத் தெரியும். ஆகவே டில்லிங்ஹாம் தாமே எழுந்து தம் நாற்காலியை அவரிடம் நகர்த்தினார்.

"உட்கார்ந்தே பேசுங்க, மிஸ்டர் குங்கெல்."

"பரவால்ல சார். நின்னே பேசிடறேன்."

"இடுப்பு வலியோட எதுக்கு? உட்காருங்க."

"எனக்கு நிக்கிறதுதான் பழக்கம்."

"எவ்வளவு நாளா பழக்கம், டெல்மர்?" என்று கார்னர் பின்னாலிருந்து கேட்டார்.

 வெர்லா அம்மையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையருகே வந்தார். அது அரங்கம்தான் என்பதால் பேசுவதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. "குங்கெல், அந்த நாற்காலியில ஒரே ஒரு தடவை உட்காரு. உட்கார்ந்துட்டேன்னா நான் இப்பவே வீட்டுக்குப் போயிடறேன், நீ இஷ்டத்துக்கு மூடச் சொல்லு."

டெல்மர் நாற்காலியைப் பிடித்தார், முதுகைச் சாய்த்தார், முன்னே குனிந்தார். முழங்கால்கள் இரும்புக் கம்பிகளாக நின்றன. நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்கள்.

"எங்க நின்ன?" என்றார் வெர்லா.

"மேல. கடைசி வரிசை. தூணுக்குப் பின்னாடி."

"எத்தனை ஆட்டம்?"

"எல்லாம்தான்," என்றார் டெல்மர், தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டே. "வர மாட்டேன்னு வாய் விட்டுட்டேன். அப்புறம் எப்படி எஃப் வரிசையில வந்து நிக்கிறது?"

அரங்கம் சிரித்த சிரிப்பில் வளையங்களின் வலைகள் அசைந்தன என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் வெர்லா குழுவை நோக்கித் திரும்பி, ஊர் அன்றுவரை யோசிக்காத ஒன்றைச் சொன்னார். "டீமை மூடிட்டா கூடையை யாரு போடுவா? கூடை விழலேன்னா எங்களை யாரு உட்கார வைப்பா? செத்தப்புறம் எங்களை நட்டுல்ல வைக்கணும், கம்பம் மாதிரி?" குழுவினர் தங்களுக்குள் மெதுவாகக் கலந்து பேசினர். முதல் கூடை விழும்வரை அணி நீடிக்கும். விழுந்த அன்றே, அந்த ஆட்டத்தோடு, மரியாதையாகக் கலைக்கப்படும் என்று தீர்மானித்தனர். அடுத்த நவம்பரில் அவர்களும் வெட்கப்பட்டு ஆட்டத்துக்கு வந்தார்கள். ஆகவே அவர்களும் நின்றார்கள்.

அந்த மூன்றாம் குளிர்காலத்தில் டெல்மர் எஃப் வரிசைக்குத் திரும்பிவிட்டார். தன் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியை வெர்லா அவருக்காக ஒதுக்கிக் கொடுத்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அணியின் நிலையில் மாற்றமில்லை. எதிரணியினர் பரிதாபப்பட்டுத் தடுக்காமல் ஒதுங்கி நின்றபோதும் பந்து வளையத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஆனால் டெல்மரின் நிலை மாறியது. டிசம்பரில் அவர் கைப்பிடியில் சாய்ந்தார். ஜனவரியில் அதைப் பற்றிக்கொண்டார். பிப்ரவரியில் நெற்றி வியர்க்க, உதட்டைக் கடித்தபடி, அதில் தொங்கினார் என்றே சொல்ல வேண்டும். எப்படி இருக்கிறது என்று கேட்க வெர்லாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது கூடைப்பந்து அன்று. ஆகவே அவர் தடுப்பாட்டத்தைக் குறை சொன்னார். அணியை மூடக் கூடாது என்று கூட்டத்தில் வாதாடிய அதே பெண்மணி, இப்போது பேருந்தில் நின்று ஓட்டிச் செல்கையில் ஒரே ஒரு கூடை விழுந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார். அதன் விலை என்ன என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மார்ச்சில், அந்தப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். அறுபத்து நான்குக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிய இன்னும் சில நொடிகள் இருக்கையில், அந்த ஆண்டு முழுவதும் துண்டு எடுத்துக் கொடுப்பதையே தன் பங்காகச் செய்துவந்த ஐசக் மேப்ஸ் என்ற நெட்டை மாணவனைப் பயிற்சியாளர் உள்ளே அனுப்பினார். பந்து தவறிப்போய் அவன் கையில் வந்து சேர்ந்தது.

"போடுடா ஐசக்! போடு!" என்று வெர்லா கத்தினார்.

"அவசரப்படாதப்பா, பொறுமையா, பாஸ் பண்ணு," என்று டெல்மர் பக்கத்தில் முணுமுணுத்தார்.

வெர்லா திரும்பினார். "நீ எந்த டீம் பக்கம், குங்கெல்? கூடை வேணாமா உனக்கு?"

"விழுந்தா இன்னையோட மூடிடுவாங்க. அப்புறம் நீ எங்க உட்காருவ, நான் எங்க உட்காருவேன்?"

"நிக்கவே முடியல உன்னால."

"முடியுது. நிக்கிறேன்ல."

 பதிலுக்கு வெர்லா, ஓர் அம்மையார் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய குரலில், "போடுடா!" என்று மறுபடியும் கத்தினார். ஐசக் திடுக்கிட்டுப் பந்தை எறிந்தான். அது விளிம்புக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. சற்று நேரம் யோசித்தது. பிறகு, வெளியே குளிராக இருக்கிறது என்பதைப் போல, உள்ளே போயிற்று.

எழுநூறு சொச்சம் பேர் ஒரே கணத்தில் உட்கார்ந்த ஓசை மூன்று மைல் தள்ளி இருந்த தானியக் கிடங்குவரை கேட்டது. சிலர் அழுதார்கள், சிலர் இருக்கையைத் தடவிக் கொடுத்தார்கள். டெல்மர் கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை நாள் பிடித்துவைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டார். மணி அடித்தது, அறுபத்து நான்குக்கு இரண்டு என்று அணி தோற்றது. வந்திருந்த எதிரணி ரசிகர்கள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். டில்லிங்ஹாம் அவர்கள், அணி கலைக்கப்படுவதை அறிவிப்பதற்காக, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்திருக்க முயன்றார்.

எழுந்திருக்க இயலவில்லை. பக்கத்தில் இருந்தவராலும் இயலவில்லை. எஃப் வரிசையிலும் கடைசி வரிசையிலும் எவராலும் இயலவில்லை. யாருக்கும் இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கூடை விழுந்தால் உட்கார வேண்டும். அடுத்த ஆட்டம் தொடங்கினால் எழ வேண்டும். அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

"என்ன சார், டீமை மூடிட்டீங்களா?" என்று கார்னர் தன் இடத்தில் கால் நீட்டியபடி விசாரித்தார்.

 டில்லிங்ஹாம், உட்கார்ந்தவாறே, நவம்பரில் முதல் சனிக்கிழமை ஆட்டம் உண்டு என்றும், யாரும் பதற வேண்டாம் என்றும் அறிவித்தார். கைதட்டல் அடங்குவதற்குள் ரோஸலினுக்குத் தகவல் போயிற்று. கடையைக் கவனிக்க வேண்டியிருந்ததால் ஆட்டங்களுக்கு என்றுமே வந்திராத அவர், சாண்ட்விச்சுகளையும் காபியையும் வரிசை வரிசையாக அனுப்பத் தொடங்கினார். ஊரில் மிச்சம் இருந்தவர்கள் போர்வைகளைக் கொண்டுவந்தார்கள். பள்ளிப் பேருந்தை ஓட்ட பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் உட்கார்ந்து ஓட்டியதைப் பிள்ளைகள் விரும்பவில்லை. மூன்றாம் நாள் மருத்துவர் எஃப் வரிசைக்கே வந்து டெல்மரைப் பரிசோதித்துவிட்டு, இந்த இடுப்புக்கு இப்படி ஓய்வாக உட்கார்ந்திருப்பதைவிடச் சிறந்த சிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் ஐசக்கின் எறிதலைப் பற்றி இருவரும் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்திருந்தார்கள். தடுப்பாட்டத்தைப் பற்றியும் முடித்திருந்தார்கள். அரங்கில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுற்றிலும் ஊர் மெதுவாகப் பேசிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருந்தது. வெர்லா காபியை உறிஞ்சினார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"டாக்டர் போனப்புறம் எப்படி இருக்கு, வலி?" என்று கேட்டார்.

டெல்மர் திரும்பிப் பார்த்தார். இது எந்த ஆட்டத்தைப் பற்றியது என்று முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும், சற்று யோசித்து, "காலையில கொஞ்சம் பிடிக்கும்," என்று ஆரம்பித்தார். அது நீண்ட கதை; போன தடவை பனிபெய்த காலத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வெர்லா போர்வையை இருவர் மடியிலுமாக இழுத்துவிட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினார். நவம்பர் வர இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன.