வெள்ளையாய் விட்ட இடம்

அந்தத் தாவரவியல் தோட்ட அலுவலகத்தின் வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்த இடங்களில் இரண்டு ரகம். யாரும் எட்டிப் பார்க்காத காடு ஒன்று. பார்த்துவிட்டு வேண்டுமென்றே மறைத்த காடு இன்னொன்று. அழியப்போகும் செடி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தால் செடி திருடுகிறவர்கள் சாக்கோடு வந்து நிற்பார்கள். அதனால் அப்படி ஒரு வழக்கம். வரைபடம் போடுகிறவள் தன் கையாலேயே எத்தனையோ புள்ளிகளை அழித்திருக்கிறாள்.

இப்போது வடக்குப் பள்ளத்தாக்குக்குக் கல்குவாரி வருகிறது. "மேப்ல வெள்ளையாத்தானே இருக்கு, அங்க ஒண்ணுமில்ல" என்கிறார் குவாரிக்காரர். அவள் அண்ணன் காடு காடாய் அலைந்து கண்டுபிடித்த ஆர்க்கிட் அங்கேதான் இருக்கிறது. வேறெங்கும் இருப்பதாகத் தகவல் இல்லை. தேடப் போனவர்களும் இல்லை என்பது வேறு விஷயம்.

அண்ணனுக்கு போன் போட்டாள்.

"புள்ளி வெச்சா திருடன் வருவான்."

"வெக்கலன்னா லாரி வரும்ணா. தோண்டியெடுத்து வேற எடத்துல வெச்சா?"

"செத்துப்போயிடும். அந்த மண்ணுல இருக்கற பூஞ்சைதான் அதுக்குச் சோறு."

இயக்குநரிடம் போனாள். "வெள்ளைன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்லன்னு ஒரு வரி எழுதிடலாமா சார்?"

"எழுதினா, இத்தன வருஷமா என்ன கிழிச்சீங்கன்னு கேப்பாங்கம்மா. குவாரி அனுமதிக்கு மேப்ப சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

அறைக்குத் திரும்பினாள். பெயின்ட் அடித்த புண்ணியவான்கள் ஜன்னலையும் சேர்த்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூச்சு முட்டியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் செடியைக் கொல்லப்போவது தான்தான் என்று தோன்றி அழுகை வந்தது. திருடனையாவது காவல் போட்டுத் தடுக்கலாம், லாரியை யார் தடுப்பது? புள்ளியை வைத்து அனுப்பிவிட்டாள்.

குவாரிக்காரர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். அடுத்த வாரமே வந்தார், வாயெல்லாம் பல்லாக. பின்னால் இரண்டு ஆட்கள் தொட்டிகளைச் சுமந்து வந்தார்கள்.

"நல்லவேளை மேடம், எடத்தக் கரெக்டா காட்டினீங்க. ஒண்ணு விடாம எடுத்துட்டோம். இனிமே உங்க தோட்டத்துலயே பத்திரமா இருக்கும்."

இயக்குநர் அவரோடு கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். தொட்டியில் இருந்தது பளபளவென்று கடையில் வாங்கிய உரமண். இலைகள் ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

கிளம்பும்போது இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் புள்ளிய எடுத்துடுங்கம்மா. அங்கதான் இப்ப ஒண்ணுமில்லையே."

அவள் உட்கார்ந்து அதை அழித்தாள். அந்த இடத்தைப் பற்றி வரைபடத்தின் வெள்ளை உண்மை சொன்னது அன்றைக்குத்தான்.