ஆறுக்கு அடுத்து ஒன்பது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் வீட்டுச் சண்டையில் பிறந்தது.

என் மனைவி பழனியம்மாள் எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். யார் பிழைத்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்த பிறகே நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வருவாள். நான் நேர் எதிர். இருபது பக்கம் மிச்சமிருக்கும்போது புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். அப்புறம் தீபாவளி முறுக்கில் கடைசி ஒன்றை ஒளித்து வைத்தவன் மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வருவேன்.

"நீங்க படிக்கறது புஸ்தகமா, இல்ல விரதமா?" என்றாள் போன வாரம்.

"நீ படிக்கறதுக்குப் பேரு படிக்கறதா? கருமாதிச் சோத்துல பாயசத்த மட்டும் குடிச்சுட்டு எந்திரிச்சு வர்றவ!" என்றேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கத்துவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே இருக்க, எனக்குக் கதை வந்துவிட்டது. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரே ஒரு நாவல். அந்த நாவலைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சே கிடையாது! சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் பேனாவைத் தேடினேன். பழனியம்மாள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "1934ஆம் ஆண்டு இராசிபுரம் பக்கம் மழை பொய்த்திருந்தது. மேகங்கள்..."

(வேண்டாம். மேகம் வந்தாலே பழனியம்மாள் நாலு பக்கம் தாண்டிவிடுவாள்.)

தொடக்கம் இரண்டு: "கந்தவேல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தான். அவன் மனதில் அப்போது..."

(அவன் மனதில் என்ன என்பது எனக்கே தெரியாது. கதையே அதைப் பற்றித்தான். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: "கமலவேணி நாவலின் தையலை அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள்."

இதுதான்! இதை எழுதியதும் எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன்.

3

ஏன் அறுத்தாள்? சொல்கிறேன்.

கந்தவேல் இராசிபுரத்து நெசவாளி, பட்டுச்சேலை நெய்பவன். கமலவேணி குமாரபாளையத்திலிருந்து அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமாகி மாதம் ஒன்று ஆகியும் அவர்கள் பேசிக்கொண்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். "சோறு போடட்டுங்களா?" "போடு." அவ்வளவுதான். பகல் முழுக்க மாமியார் நல்லம்மாள் வீட்டில் இருப்பாள். பெரியவர்கள் காதில் விழப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிச் சிரிப்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. நல்லம்மாள் கெட்டவள் அல்ல. (கெட்ட மாமியாரை எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கு வேறு ஆள் பாருங்கள்.)

ஒருநாள் கந்தவேல் பெட்டியிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்து அவளிடம் நீட்டினான். கல்யாணத்துக்கு முன்பே சேலத்தில் வாங்கி வைத்ததாம்.

"படிப்பியா?"

"படிப்பேனுங்க."

இரண்டே மத்தியானம். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்க, அவள் நாவலை முழுங்கிவிட்டாள். மூன்றாம் நாள் யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போல வந்து நின்றாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"முடிவச் சொல்லீறாத புள்ள. நான் இன்னும் படிக்கல."

"எப்பப் படிப்பீங்க?"

"தறிய உட்டு எந்திரிச்சாத்தான?"

தறியில் இருந்தபடியே அவன் படிக்கட்டும் என்று அன்றைக்குத்தான் தையலை அறுத்தாள். பதினாறு பக்கம் கொண்ட ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகக் கையில் வந்தது.*

* அச்சுக்கூடத்தில் இதற்குப் பெயர் பாரம். அதிகப் பாரமில்லை. நெய்த துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் மூங்கில் வில்லின் கீழ் ஒரு பாரத்தைச் செருகினால் நெய்பவன் கண்ணுக்கு நேராக நிற்கும். பட்டில் மை படாதபடி அடியில் ஒரு பழந்துணி.

4

இனி நடந்ததை நீங்கள் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டும். (பழனியம்மாள் போல ஓடாதீர்கள்.)

கையும் காலும் ஓடும்போது நெய்பவனால் படிக்க முடியாது. பாவுக்குக் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் ஒரு சிறு குழல் இருக்கும், அதுதான் தார்; அதில் சுற்றிய நூல் தீர்ந்தால்தான் தறி நிற்கும். புதுத் தார் மாற்றும் அந்த இடைவெளியில் அவனுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் அந்தத் தாரைச் சுற்றித் தருபவள் யார்? கமலவேணி! புரிகிறதா? நாவலின் வேகம் அவள் கையில் இருக்கிறது! தாரில் நூலைக் குறைத்துச் சுற்றினால் சீக்கிரம் தீரும். சீக்கிரம் தீர்ந்தால் சீக்கிரம் அடுத்த பக்கம்.

குறைத்துச் சுற்றினாள். நல்லம்மாள் கூடையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏஞ் சாமி, தாரெல்லாம் காச்சல்ல கெடந்தாப்ல எளைச்சுப் போச்சு?"

"நூலு அப்படிங்க அத்தை."

அவன் பக்கத்தைப் பார்க்கும்போது அவள் அவனைப் பார்ப்பாள். திடுக்கிடும் இடம் வந்தால் அவள் கை தன்னால் நின்றுவிடும். ராட்டைச் சத்தம் நின்றதும் அவன் நிமிர்வான்.

"என்னமோ வரப் போகுதாட்டம் இருக்குது?"

"ஒண்ணும் வர்லீங்க."

"ஆளு மோசக்காரனோ?"

"எனக்கென்னங்க தெரியும், நீங்கதான படிக்கறீங்க!"

"அந்தப் புள்ள பாவம்."

"பாவந்தானுங்க."

ஆறு வரிப் பேச்சு. அதற்கே அவளுக்குக் காது மடல் சிவந்துவிடும். அந்த வீட்டுக்கு வந்து அவள் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான் என்று தயங்காமல் எழுதுகிறேன். கூடவே ஒரு பயமும் இருந்தது. நாவல் தீர்ந்துவிட்டால் பேச்சும் தீர்ந்துவிடுமே! அவசரப்படுத்துவதும் அவள்தான், பயப்படுவதும் அவள்தான். (நாவல் படிக்கிற எல்லோருக்கும் இந்தக் கோளாறு உண்டு. எனக்கு உண்டு. உங்களுக்கு?)

5

ஆறாம் பாரத்தின் கடைசி வரியில் நாயகியைப் படகிலிருந்து காவிரியில் தள்ளிவிடுகிறார்கள். ஏழில் வெள்ளம் அவளை அடித்துப்போகிறது. எட்டில் ஒரு மீனவர் குடும்பம் தூக்கிக் காப்பாற்றுகிறது. ஒன்பது தொடங்கும்போது அவள் சென்னைப் பட்டணத்தில் ஒரு பெரிய வீட்டில் நின்று, ரசத்தில் உப்பு அதிகம் என்று சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒருநாள் காலை கந்தவேல் ஆறை முடித்துக் கையை நீட்டினான். கமலவேணி பரபரப்பில் எடுத்துக் கொடுத்தாள். அவன் செருகிக்கொண்டான். தார் தீரத் தீரப் பக்கங்கள் திரும்பின.

"எப்படிங்க போகுது?"

"நல்லாப் போகுது."

மத்தியானம் தார்க்கூடையைக் கவிழ்த்தபோது அடியில் ஏழும் எட்டும் கிடந்தன.

அப்படியானால் காலையில் கொடுத்தது ஒன்பது! இரண்டையும் எடுத்துத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தாள். நானும்தான்! ஆற்றில் மூழ்கியவள் அடுத்த வரியில் ரசத்துக்கு உப்புப் பார்க்கிறாள். முதல் தடவை படிக்கும் எந்த மனிதனும் தறிக்குழியை விட்டு எகிறிக் குதித்திருக்க வேண்டாமா? "நல்லாப் போகுது" என்றானே!

6

மூன்று காரணம்தான் இருக்க முடியும்.

அ. அவன் இந்த நாவலை முன்பே படித்தவன். பெட்டிக்குள் இருந்த புத்தகம்தானே? நடுவில் இரண்டு பாரம் இல்லாவிட்டாலும் அவனுக்குக் கதை தெரியும். அப்படியானால் இத்தனை நாளும் வேஷம்.

ஆ. அவனுக்கு எழுத்துத் தெரியாது. (எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய் அவன் பேசியதைப் பாருங்கள். போய்விட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஒரு பெயர் சொன்னானா? ஓர் ஊர் சொன்னானா? எல்லாம் ராட்டையின் சத்தத்தையும் அவள் முகத்தையும் வைத்தே சொல்லக்கூடியவை!)

இ. எழுத்துத் தெரியும், கதை தெரியாது. ஆனால் அவன் கண் தாளின் மேல் இருந்ததே இல்லை, அவள் மேல்தான்.

எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. படைத்தவனுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். கந்தவேல் அழுத்தக்காரன். மூன்று நாள் எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், வாயே திறக்கவில்லை.

எழுதிய வரைக்கும் பழனியம்மாளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை எடுத்தாள். வெறும் தாள்.

"முடிவெங்கீங்க?"

"இன்னும் எழுதல."

"இதென்ன பெரிய மலையா? அவ நேரா அவனயே கேக்கறது!"

கேட்டால்? ஆ உண்மையாக இருந்தால், பெற்ற தாய் காதில் விழ ஓர் ஆண்பிள்ளை தலை குனிய வேண்டும். அ உண்மையாக இருந்தால், அவள் பல்லைக் கடித்து ரகசியம் காத்ததெல்லாம் கேலிக்கூத்து. எதுவாயினும் நாளை முதல் "சோறு போடட்டுங்களா", "போடு" மட்டும்தான். கேட்காமலே விட்டால் வாழ்நாள் முழுக்க அவள் யாருடன் பேசுகிறாள் என்றே தெரியாமல் பேச வேண்டும். இதைச் சொன்னதும் பழனியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சண்டை தீர்ந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

7

முடிவு ஒன்று: கமலவேணி கேட்டாள், "ஏனுங்க, நீங்க நெசமாலுமே..."

(முடியவில்லை. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.)

முடிவு இரண்டு: ஏழையும் எட்டையும் அடுப்பில் போட்டுவிட்டுப் பத்தாம் பாரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

("புஸ்தகத்த எரிக்கறவ அவளில்லீங்க" என்றாள் பழனியம்மாள். சரிதான்.)

முடிவு மூன்று. இதை நான் யோசிக்கவில்லை. கமலவேணியே செய்தாள், நான் பின்னால் ஓடிக்கொண்டே எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் அவன் கையை நீட்டினான். அவள் எதுவும் கொடுக்கவில்லை. முதல் பாரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல இருந்து நான் சத்தமாப் படிக்கறேனுங்க. நீங்க நெய்யுங்க."

அவன் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினான். "அம்மா இருக்குது."

"அத்தையும் கேக்கட்டுங்க."

கேள்வியே இல்லாமல் மூன்றுக்கும் மருந்து! முன்பே படித்தவனோ, எழுத்துத் தெரியாதவனோ, பக்கத்தைப் பார்க்காதவனோ, இனி எவனாக இருந்தாலும் ஒன்றுதான். நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன்.

நல்லம்மாள் உள்ளே வந்து ராட்டைக்கு முன் உட்கார்ந்தாள். இப்போது தார் சுற்றுவது அவள். இரண்டு மத்தியானத்தில் நாவலை முழுங்கிய கமலவேணி, நாடா ஓடும் சத்தத்துக்கு ஏற்ப ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திப் படித்தாள். இதே கதையில் இத்தனை இருந்ததா என்று அவளுக்கே வியப்பு. நாட்கள் போயின. ஒருநாள் ஆறாம் பாரத்தின் கடைசி வரி வந்தது. நாயகி படகின் விளிம்பில். பின்னாலிருந்து ஒரு கை. தள்ளிவிட்டான்.

கமலவேணி நிறுத்தினாள். நிமிர்ந்து கந்தவேலைப் பார்த்தாள். தறி நின்றது. அவனும் அவளைப் பார்த்தான், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே.

"கவலப்படாத, பொழச்சுக்குவா" என்றால் அவன் முன்பே படித்தவன். "அய்யோ, அப்பறம்?" என்றால் இப்போதுதான் கேட்கிறான். ஒரே ஒரு வாக்கியம், எல்லாம் தெரிந்துவிடும். கந்தவேல் வாயைத் திறந்தான்.

அதற்குள் ராட்டைப் பக்கமிருந்து நல்லம்மாள் கத்தினாள்:

"ஏஞ் சாமி நிறுத்தற? அந்தப் புள்ள தண்ணிக்குள்ள கெடக்குது, படி!"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அவன் சொல்ல வந்தது சிரிப்பில் கரைந்து போனது.

அவன் என்ன சொல்ல வந்தான் என்று பழனியம்மாள் என்னை நச்சரிக்கிறாள். எனக்குத் தெரியாது. நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் ஏழாம் பாரத்தைக் கையில் எடுத்த கமலவேணிக்கு அதைத் தெரிந்துகொள்ள இப்போது அவசரமில்லை.