விரைவில் தமிழிலும்

என் தம்பிக்குக் கடையில் வைத்திருந்த பெயர் 'இந்தா வருது'. செல்போனும் டிவியும் விற்கிற கடை. விற்பதுதான் அவனுக்குச் சம்பளம். ஆனால் வாங்க வருகிறவரிடம், "இப்ப வாங்காதீங்க சார், இதோட அடுத்தது வெளிநாட்டுல போன வாரமே வந்துருச்சு, இந்தா, நமக்கும் வருது" என்பான். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். எந்த நாட்டில் எந்த போன் எந்தத் தேதியில் வெளியாகிறது, பாய் மாதிரி சுருட்டி வைக்கிற டிவி எங்கே விற்பனைக்கு வந்துவிட்டது, எல்லாம் அவனுக்கு விரல் நுனியில். அவன் சட்டைப் பையில் கிடந்தது என்னவோ கண்ணாடி கீறிய பழைய போன்தான். அதைச் சொல்லிச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன், அம்மா விழுகிற வரைக்கும்.

அம்மா குளியலறையில் விழுந்தாள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது கை அசையாது, கால் அசையாது, பேச்சு கிடையாது. காது கேட்டது, புத்தி தெளிவாக இருந்தது, கண் அசைந்தது. ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை. பசிக்குதாம்மா, ஃபேன் போடவா, டிவி பாக்குறியா என்று எங்கள் புத்திக்கு எட்டியதையெல்லாம் கேட்போம். எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை இமைத்துவிட்டு எங்களையே பார்ப்பாள். என்னமோ சொல்ல வருகிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என்னவென்றுதான் தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் ஓர் அட்டை கொடுத்தாள். அதில் வரிசை வரிசையாகத் தமிழ் எழுத்துகள். "வரிசையை நீங்க வாசிங்க. அவங்களுக்கு வேண்டிய வரிசை வந்ததும் இமைப்பாங்க. அப்புறம் எழுத்தா வாசிங்க. பழகுறதுக்குப் பத்து நாள் ஆகும், அவ்வளவுதான்" என்றாள்.

அவள் போனதும் தம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இருநூத்தி நாப்பத்தேழு எழுத்துக்கா. அம்மா தண்ணின்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள தாகமே அடங்கிரும்."

நான் சிரித்தேன். அம்மா முன்னால்தான்.

பிறகு தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். எந்த நாடோ, ஒரு மனிதர் அசைவில்லாமல் படுத்தபடி, இன்னும் விற்பனைக்கு வராத ஒரு போனைப் பார்க்கிறார், போன் பேசுகிறது. "கண்ணு எந்த எழுத்துல நிக்குதோ அதை அதுவே எடுத்துக்கும். அதோட, அம்மாவோட சொந்தக் குரல்லயே பேசும். கொஞ்சம் சத்தம் பதிவு பண்ணிக் குடுத்தா போதும்."

"தமிழ் வருமாடா?"

"கடைசியில பாரு."

மொழிப் பட்டியலின் அடியில் தமிழ் இருந்தது. பக்கத்தில் 'விரைவில்' என்று போட்டிருந்தது. இரண்டே மாதம் என்றான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற குடும்பம் நாங்கள். இரண்டு மாதம்தானே என்று அட்டையை அலமாரியில் துணிக்கு அடியில் செருகினேன்.

அந்த போன் முதலில் குளிர் நாடு ஒன்றில் வெளியானது. அடுத்து ஏதோ தீவில். ஐந்தாவது மாதம் தம்பியின் கடைக்கே வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தது. தமிழ் மட்டும் வரவில்லை. "விரைவில்னா எப்படா, அம்மாவுக்கு அறுபதாவது பல்லு முளைக்கிறப்பவா?" என்று கத்துவேன். "இந்தா வருதுக்கா" என்பான்.

நான் மருந்துக்கடையில் காலை வேலை. மத்தியானம் நான் வீட்டுக்கு வந்ததும் அவன் கடைக்குக் கிளம்புவான். முதுகில் புண் வராமலிருக்க அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடது பக்கம் புரட்டினால் சத்தம் வராது. வலது பக்கம் புரட்டும்போது மட்டும் தொண்டையிலிருந்து நீளமாக ம்ம்ம் என்று ஒன்று வரும். அதை முதலில் கேட்டவன் தம்பிதான். நான் உள்ளே நுழையும்போது அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அக்கா, அம்மாவுக்குக் குரல் வருது."

அம்மாவிடம் இருந்தது பொத்தான் போன். அவள் குரல் எதிலும் பதிவாகி இருக்கவில்லை. அதனால் இந்த ம்ம்ம்தான் எங்களுக்குப் புதையல். எவ்வளவு சத்தம் சேர்கிறதோ அந்த அளவுக்குக் குரல் அச்சு அசலாக வரும் என்றான். தினமும் நாலு தடவை கூடுதலாக வலது பக்கம் புரட்டிப் பதிவு செய்தான். அவன் இல்லாதபோது நானே ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு புரட்டியிருக்கிறேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்று கொஞ்சியும் இருக்கிறேன். அம்மா படபடவென்று இமைப்பாள். கண் உறுத்துகிறது போல என்று கடையிலிருந்து சொட்டு மருந்து கொண்டுவந்து விட்டேன். சொந்தக்காரர்கள் வந்தால் தம்பி அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டுவான். நல்ல முன்னேற்றம் என்று அவர்களும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏழாவது மாதம் தமிழ் வந்தது. தம்பி அந்த போனை வாங்கி வந்து, ஒரு தாங்கியில் மாட்டி, அம்மா முகத்துக்கு நேரே நிறுத்தினான். பதிவுகளை எல்லாம் ஏற்றினான். எழுத்துகள் பெரிது பெரிதாகத் திரையில் வந்தன. அம்மாவுக்குச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. கண் ஒரு எழுத்தில் நின்றது, அடுத்ததற்குப் போனது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

போன் பேசியது. அம்மாவின் குரல்தான், கொஞ்சம் கரகரத்த அதே குரல்.

"திருப்பாதே. இடுப்பு வலிக்குது."

தம்பிதான் கேட்டான். "எப்ப இருந்தும்மா?"

"விழுந்ததிலிருந்து."

மறுநாள் மருத்துவமனையில் இடுப்பை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வலது தொடை எலும்பு இடுப்போரம் முறிந்து கோணலாகவே கூடியிருந்தது. அம்மா விழுந்த அன்று எல்லோரும் தலையைத்தான் படம் எடுத்தார்கள், காலை யாரும் எடுக்கவில்லை.

"அசையாத கால் எப்படி டாக்டர் வலிக்கும்?" என்றேன். நாள் முழுக்க வலி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் கேட்கிற கேள்வியா இது.

"அசைவுதான்மா போச்சு. உணர்ச்சி அப்படியே இருக்கு. வலிக்குதான்னு ஒரு தடவைகூட யாரும் கேக்கலையா?" என்றார். அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கிற மயக்க மருந்தை இந்த உடம்பு தாங்காது, இருக்கிறவரை மாத்திரையில்தான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி அம்மாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தான். தலை நிமிரவில்லை. எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. போனை அம்மா முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக் கேட்டேன்.

"கோபமாம்மா?"

அம்மாவின் கண் திரைக்குப் போனது. சீக்கிரம் சொல்லி முடிக்க வசதியாக 'இல்லை', 'பரவாயில்லை', 'நன்றி' என்று போன் தானாகவே சில வார்த்தைகளைக் கீழே எடுத்துக் கொடுத்தது. அம்மாவின் கண் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஆமா."

"இவன் மேலதானேம்மா?"

ஆமா என்று சொல்லிவிடேன் என்று மனதுக்குள் அவளைக் கெஞ்சினேன். அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தேடினாள். வெகுநேரம் பிடித்தது.

"ரெண்டு பேர் மேலயும்."