லவேருவுக்குக் கேட்காத குரல்

தன் பிரிவு உபசார விழாவுக்குத் தம்பி மசிங் வருவான் என்று லெய்சாவி நினைக்கவேயில்லை. தலைநகர் போர்ட் விலாவின் பெரிய கூடத்தில், கழுத்து நிறையப் பூமாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் அவன் முகத்தைக் கண்டதும் அமைச்சர் பேசியது காதில் ஏறவில்லை.

நாட்டின் பேரிடர்த் தகவல் துறையைக் கட்டி எழுப்பியவள் அவள். எந்தக் கம்பெனி சிம்மாக இருந்தாலும் அவசர அழைப்பு இலவசமாகப் போகவேண்டும் என்ற சட்டத்துக்காக, அமைச்சர் மாறும்போதெல்லாம் புது அமைச்சரின் வாசலில் போய் நின்றவள். எந்தத் தீவில் முதலில் தகவல் தொடர்புக் கோபுரம் நடுவது என்பதற்கும் அவளேதான் விதி எழுதினாள். சனம் அதிகமுள்ள தீவுகளுக்கு முதலிடம். அவள் பிறந்த லவேரு சின்னஞ்சிறு தீவு. வரிசையின் வாலில் போய் விழுந்தது.

"கொஞ்சம் மேல தள்ளி வைங்க மேடம், யாரு கேக்கப்போறா?" என்றான் உதவி அதிகாரி சிமியோன். "இல்லன்னா ஊருக்குப் போனா ஒரு துண்டு லாப்லாப் பலகாரம் கூடத் தரமாட்டாங்க."

"எனக்கு இருக்கிற உடம்புக்கு அது நல்லதுதான். வேலையப் பாரு."

லவேருவின் முறை வருவதற்குள் புயல் வந்துவிட்டது. அந்தத் தீவில் இருந்தது பழைய ரேடியோப் பெட்டி ஒன்றுதான். முதல் காற்றிலேயே அதன் ஆன்டெனா முறிந்து விழுந்தது. மதியம் புயலின் கண் லவேருவுக்கு நேர் மேலே வந்து நின்றது. அங்கே காற்று அடங்கும், வெயில்கூட எட்டிப் பார்க்கும், கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்திலிருந்து முன்னைவிட மோசமாக அடிக்கும். லெய்சாவிக்கு இது தெரியும். விலா வானொலி நிலையத்தில் அறிவிப்பாளரை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டு அவளே மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

"வெளிய வராதீங்க. புயல் போகல. இது அதோட கண்ணு. யாரும் வெளிய வராதீங்க."

தன் தீவு மொழியிலும் சொன்னாள். அந்த மொழி பேசுகிற ஊரில் அதைக் கேட்க ஒரு பெட்டியும் உயிரோடு இல்லை என்று தெரிந்தே, தொண்டை கட்டும்வரை சொன்னாள்.

லவேருவில், புயல் ஓய்ந்தது என்று எல்லோரும் வெளியே வந்தார்கள். மசிங்கின் மகள் ரோசிலி பள்ளிக்கூடக் கூரையைப் பார்க்கப் போனாள். அங்கே டீச்சர் அவள். விலாவில் அத்தை லெய்சாவியின் வீட்டில் தங்கி, அத்தை கையால் சாப்பிட்டுப் படித்தவள். திரும்பி வந்த காற்று பள்ளிக்கூடச் சுவரை அவள்மேல் சாய்த்தது.

லெய்சாவி அடக்கத்துக்குப் போனபோது யாரும் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. யாரும் பேசவுமில்லை.

இப்போது மேடையில் அமைச்சர் குரலை உயர்த்தினார். "சொந்தத் தீவைக்கூட ஒரு இடம் முன்னால தள்ளாதவங்க இவங்க!" கூடமே எழுந்து நின்று கைதட்டியது. லெய்சாவி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

விழா முடிந்து சாப்பாடு பரிமாறும்போது மசிங் அருகில் வந்தான்.

"நீ திட்டத்தான் வந்திருக்கேன்னு நெனச்சேன்," என்றாள்.

"நானும் அப்படித்தான் கெளம்பினேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாரும் தட்டினப்ப என் கையும் தட்டிருச்சுக்கா. நீ செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். அதான் தாங்க முடியல. தப்புன்னா உன்மேல கோவப்பட்டுட்டாவது கெடப்பேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை.

"இனி எனக்கு இங்க வேலையில்ல மசிங். ஊருக்கு வந்துரட்டுமா? அம்மா வீட்டுப் பக்கத்துல ஒரு கொட்டகை போட்டுக்கறேன்."



"எவா..." என்று மனைவியின் பெயரைச் சொல்லி நிறுத்தினான். "இப்ப கோபுரம் வந்துருச்சு, ரேடியோ நல்லாக் கேக்குது. எச்சரிக்கை சொல்ல உன் குரல் வந்தா எவா எந்திரிச்சுப் போய் அணைச்சிடறா. நான் மறுபடி போடுவேன். அவ மறுபடி அணைப்பா. நீ வராதக்கா. அவ இருக்கிற வரைக்கும் வராத."

"சரி," என்றாள் லெய்சாவி.

துறைமுகம்வரை அவனோடு நடந்தாள். வழியில் இருவரும் ரோசிலியின் பெயரை எடுக்கவில்லை. கப்பல் ஏறும்போது அவன் திரும்பி, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். மேடையிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் ஒன்றும் தொடவில்லை.

"ஆச்சு," என்றாள்.

அதன்பிறகு அவள் விலாவிலேயே இருந்துவிட்டாள். புயல் காலத்தில் அலுவலகம் அவளை அறிவிப்பு வாசிக்கக் கூப்பிட்டது. ஒவ்வொரு முறையும், "வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க, எல்லா வீட்டுலயும் கேக்கணும்," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.