படம் நீக்கக் கோரும் விண்ணப்பம்

"எல்லாம் சரி சம்பந்தி, அந்தப் படத்தை மட்டும் எடுத்துடுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னபோது தேநீர்க் கோப்பை அவள் கையிலேயே இருந்தது. கீழே வைத்துவிட்டுச் சொல்லும் அளவுக்கு அதை அவள் பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை. அரசு உயர்நிலைப்பள்ளியின் நடைக்கூடத்தில், நானூறு மீட்டர் ஓட்டத்தில் பள்ளிச் சாதனை என்ற எழுத்துக்குக் கீழே, கால்சட்டையும் பனியனுமாக இந்த வீட்டுப் பெண் எல்லைக் கோட்டைத் தாண்டும் படம். எட்டு வருஷமாக அங்கே தொங்குகிறது. அவள் படிப்பை முடித்து, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையிலும் சேர்ந்தாயிற்று.

"பேரனைச் சேர்க்கறதுக்குப் போனோம். போற வர்றவங்க எல்லாம் நின்னு பார்க்கறாங்க. நாளைக்கு எங்க வீட்டு மருமகள்னு சொல்லிக்கிட்டு ஒருத்தி... அதுவும் அந்தக் கோலத்துல..."

அவள் முடிக்கவில்லை. குடும்ப மானம் பேசுகிறவர்கள் வாக்கியத்தை முடிப்பதே இல்லை. மிச்சத்தை எதிரில் இருப்பவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று பெண் நேரே மாப்பிள்ளையைக் கேட்டாள்.

மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிறவன். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். பாவம் அந்த முப்பது பேர் என்று நினைத்துக்கொண்டாள் பெண்ணின் அம்மா. முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டுத் தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கிறவள் அவள். தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. அவள் வாயைத் திறப்பதற்குள், பஸ் ஓட்டுநரான அவள் கணவர், "படம்தானே, எடுத்துட்டாப் போச்சு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

விருந்தாளிகள் படியிறங்கியதும் பெண் பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷம் விடியக்காலையில எழுந்து ஓடினது நானுப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்குக் கல்யாணம் வேணுமா, படம் வேணுமா?"

"ரெண்டும் வேணும்னா என்ன தப்பு?"

பதில் தெரியாத இடத்தில் குரலை உயர்த்துவது ஓட்டுநரின் பழக்கம். அன்றும் உயர்த்தினார்.

மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டியபோது தையலக்காவும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"நீ எதுக்கு? தைக்கறதுக்குத் துணி மலை மாதிரி கிடக்கு. நான் போய்ட்டு வந்துடறேன்."

"ஒரு தடவை பார்த்துக்கறேங்க. நாளைக்கு அது அங்க இருக்காதே."

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மகளின் பள்ளிக்கூடக் காரியம் எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். சேர்க்கையா, பெற்றோர் கூட்டமா, மதிப்பெண் அட்டையா, லீவு போட்டாவது போவார். இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று தையலக்கா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்தவள். அவளும் அதே பள்ளியில் படித்தவள்தான். நீளம் தாண்டுவதில் ஐந்து மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர் அவள் சாதனை. கல்யாணமான புதிதில் ஒருநாள், "உன் சாதனையை யாரோ ஒரு பொண்ணு முறியடிச்சிட்டாளாம்" என்று ஓட்டுநர்தான் வந்து சொன்னார். கேட்டபோது அவளுக்கு லேசாக வலித்தது. ஆனாலும் முகம் தெரியாத அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்தாள்.

நடைக்கூடத்தின் இடது சுவர் முழுக்கப் பையன்கள். எழுபத்தைந்து வருஷத்துப் பையன்கள், கறுப்பு வெள்ளையில் தொடங்கி வண்ணப் படம் வரைக்கும், தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் தொந்தி போட்டுத் தாத்தாவாகிவிட்டார்கள், சிலர் போயே சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவனுடைய கால்சட்டையாலும் எந்தக் குடும்பத்தின் மானமும் போகவில்லை. வலது சுவரில் ஐந்தே ஐந்து படங்கள். மற்ற இடமெல்லாம் வெறும் ஆணிகளும், படம் இருந்த இடத்தில் வெளுத்த கட்டங்களும்.

மகளின் படத்துக்கு முன்னால் தையலக்கா நின்றாள். அந்த முகத்தில் தெரிந்த வெறியைப் பார்த்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பக்கத்திலிருந்த பலகையைப் படித்தாள். நீளம் தாண்டுதல், பெண்கள்: நான்கு மீட்டர் அறுபத்தொன்று.

அவள் மறுபடியும் படித்தாள். தண்ணீர் பட்டால் துணி சுருங்கும், அது அவளுக்குத் தெரியும். தாண்டிய தூரம் எப்படிச் சுருங்கும்?

அலுவலகத்தில் குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கல்யாணக் கேஸா சார்?" என்று கேட்டபடியே மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை உருவினார். படம் நீக்கக் கோரும் விண்ணப்பம் என்று தலைப்புப் போட்டு அச்சடித்த படிவம். "முன்னெல்லாம் கையால எழுதிக் குடுப்பாங்க. கூட்டம் தாங்கல, அச்சடிச்சிட்டோம்."

படிவத்தில் தகப்பனாரோ கணவரோ கையெழுத்துப் போட ஒரு கோடு இருந்தது. ஓடினவளுக்கோ தாண்டினவளுக்கோ கோடு இல்லை.

"படத்தை எடுத்தா பேரும் போயிடுமா?" என்று கேட்டாள் தையலக்கா.

"பேர் இருந்தா மறுபடி தகராறுக்கு வருவாங்களேம்மா. அடுத்ததா வந்த பொண்ணு பேரை எழுதிடுவோம். அதுக்கும் கல்யாணம் ஆனா, அதுக்கு அடுத்தது."

மற்ற பள்ளிகளில் சாதனை ஏறிக்கொண்டே போகும். இந்தப் பள்ளியில் அது கல்யாணத்துக்குக் கல்யாணம் இறங்கியது. குமாஸ்தாவின் மேஜைமேல் பவள விழா மலருக்கான அச்சுப் பிரதி கிடந்தது. பள்ளியின் விளையாட்டு வரலாறு: ஆண்களுக்கு நாற்பது பக்கம், பெண்களுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தையும், 'நம் மாணவியருக்கு விளையாட்டில் இயல்பாகவே நாட்டம் குறைவு' என்று தலைமையாசிரியர் கவலையோடு தொடங்கியிருந்தார்.

"நீளம் தாண்டுறதுல அஞ்சு மீட்டர் பன்னிரண்டுன்னு ஒண்ணு இருந்துச்சே?"

"டியூட்டிக்கு நேரமாச்சு, வா" என்றார் ஓட்டுநர்.

குமாஸ்தாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுதாம்மா முதல் கேஸ்! ஃபைல்ல முதல் தாளே அதான்" என்று ஒரு தடித்த கோப்பைப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'என் மனைவியின் புகைப்படம் பலர் பார்வையில் இருப்பது எங்கள் குடும்பத்துக்கு...' இரண்டு வரிக்கு மேல் அவள் படிக்கவில்லை. அந்தக் கையெழுத்தை அவள் தினமும் பார்க்கிறவள். தேதி, கல்யாணமாகி இருபதாவது நாள்.

"யாரோ ஒரு பொண்ணு முறியடிச்சான்னு சொன்னீங்க."

"எங்கம்மா சொன்னாங்க, நான் என்ன பண்ணட்டும்? உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"இருபத்தாறு வருஷமா இல்லாத ஒருத்திக்காகச் சந்தோஷப்பட்டிருக்கேங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபமாக இருந்தது. படிவத்தைத் தொடாமல் குமாஸ்தாவிடம் திரும்பினாள். "எடுத்த படத்தைத் திரும்ப மாட்டுறதுக்கு ஃபார்ம் இருக்கா?"

"மாட்டுறதுக்கா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா."

"அப்ப ஒரு வெள்ளைத் தாள் குடுங்க."

குமாஸ்தா தாளைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார் கையெழுத்து வேணுமேம்மா."

"தாண்டினப்போ யார் கையெழுத்தையும் கேட்கலையே" என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் ஓட்டுநர். அவர் குரல் இப்போது உயரவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கல்யாணம் உங்க பொண்ணுக்கு, அவ சொல்லிக்குவா."

தன் பெயரையும், ஐந்து மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டரையும் எழுதினாள். மகளின் படத்தையும் பெயரையும் எவர் கேட்டாலும் எடுக்கக் கூடாது என்று அதற்குக் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். குமாஸ்தா அதை வாங்கிக்கொண்டு அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தார். எழுபத்தைந்து வருஷப் பள்ளிக்கூடத்தில் அந்தத் தாளைச் சேர்த்து வைக்க ஒரு கோப்புகூட இல்லை.